இரண்டு சர்க்கரைகள்

கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, சோறு இறங்காமல் போன ஒருவர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ போய் ஸ்கேன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணையத்தின் தலைப்பக்கம் ஏதோ தடிப்பு தெரிகிறது என்று அறிக்கை வருகிறது. மருத்துவர் கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதுகிறார்: சிஏ 19-9. சில நாளில் தாள் கைக்கு வரும். அதில் ஓர் எண். பக்கத்திலேயே 37க்குள் இருக்க வேண்டும் என்று அச்சாகியிருக்கும். வீட்டார் அதைப் பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். 37க்குக் கீழே என்றால் தப்பித்தோம்; 900 என்றால் எல்லாம் போயிற்று.

இரண்டு முடிவுமே தவறாகப் போகலாம். அந்த எண் நெடுந்தூரம் நடந்து வந்த ஒரு சாட்சி. எந்த ஊரில் பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, எந்தெந்த இடத்தில் தடுமாறும் என்று தெரிந்தால்தான் அதன் சொல்லில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று விளங்கும்.

எலி கண்ட அந்நியன்

1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் செசார் மில்ஸ்டீன், ஜார்ஜஸ் கோலர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். எதிர்ப்புப்பொருள் சுரக்கும் எலியின் உயிரணு ஆய்வகத்தில் சில நாளில் செத்துவிடும். ரத்தப் புற்றுநோயின் உயிரணுவோ சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தார்கள். பிறந்த கலப்பு உயிரணு சாகவும் இல்லை, எதிர்ப்புப்பொருள் சுரப்பதை நிறுத்தவும் இல்லை. அதுவும் ஒரே ஒரு குறியை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரே மாதிரியான எதிர்ப்புப்பொருள். இருவருக்கும் 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை எடுக்கவில்லை. மில்ஸ்டீன் தன்னிடமிருந்த உயிரணுக்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

கேட்டு வாங்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தை நடத்திவந்த ஹிலரி கோப்ரோவ்ஸ்கி. 1916இல் வார்சாவில் பிறந்தவர், தேர்ந்த பியானோ கலைஞர். வாய்வழிப் போலியோ மருந்தை 1950இலேயே குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர். மில்ஸ்டீன் எடுக்காத காப்புரிமையை, கட்டிகளுக்கும் வைரஸ்களுக்கும் எதிரான எதிர்ப்புப்பொருள்கள் என்ற அளவில், கோப்ரோவ்ஸ்கியின் குழு எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் அது பெரிய மனக்கசப்பாக நெடுநாள் இருந்தது.

கோப்ரோவ்ஸ்கியின் ஆய்வகத்தில் தேடியது கணையத்தை அல்ல, பெருங்குடல் புற்றுநோயை. டெக்சாஸில் ஒரு பெருங்குடல் புற்றுநோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த எஸ்டபிள்யூ 1116 என்ற உயிரணு வகையை எலிக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். எலியின் உடம்பு அந்த அந்நியப் பொருளுக்கு எதிராகப் பலவகை எதிர்ப்புப்பொருள்களைச் சுரந்தது. ஒவ்வொன்றையும் பிரித்து எண்ணிட்டு வைத்தார்கள். அதில் ஒன்றின் எண் 19-9. 1979இல் அதைப் பற்றிய முதல் கட்டுரை வந்தது. அந்த எதிர்ப்புப்பொருள் எதைப் பிடிக்கிறதோ அந்தப் பொருளுக்கும் அதே எண் ஒட்டிக்கொண்டது. 1981இல், நோயாளியின் கட்டியில் மட்டுமல்லாமல் ரத்தத்திலும் அது மிதக்கிறது என்று காட்டினார்கள். மேலும் பலருடைய ரத்தத்தைப் பார்த்தபோது, பெருங்குடல் நோயாளிகளைவிடக் கணையப் புற்றுநோயாளிகளிடம்தான் அது அதிகமாகத் தென்பட்டது. ஒரு வேலைக்குப் பிறந்தது வேறொரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அது என்ன பொருள் என்பது 1982இல் தெளிவானது. நான்கு சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த ஒரு சிறு தொடர். உணவில் போடும் சர்க்கரை அல்ல. உயிரணுவின் வெளிப்புறத்திலும் சளியிலும் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் தொடர். ரத்த வகை பற்றிப் படித்தவர்களுக்கு இதன் குடும்பம் ஏற்கெனவே தெரியும். 1946இல் ஆர்தர் மூரன்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லூயிஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு பெண்ணின் ரத்தத்தில் புதிய வகை எதிர்ப்புப்பொருளைக் கண்டு, அந்தப் பெயரையே வைத்தார். ஏ, பி, ஓ போல லூயிஸும் ஒரு ரத்த வகை. ஆனால் ஒரு வேறுபாடு: சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் லூயிஸ் சர்க்கரையைச் சிவப்பணு தயாரிப்பதில்லை. குடல் போன்ற இடங்களில் உருவாகி, ரத்தத்தில் மிதந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. அதாவது, பிறவியிலேயே பயணி. அதன் நுனியில் சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரை சேர்ந்தால் அதுதான் சிஏ 19-9.

இன்னொன்றும் பிற்பாடு புரிந்தது. இந்தச் சர்க்கரைத் தொடரைக் கட்டும் நொதி மனிதரிடம் உண்டு, எலியிடம் இல்லை. எலியின் உடம்பு அதற்கு முன் ஒருபோதும் பார்த்திராத பொருள் என்பதால்தான் அதை அத்தனை கூர்மையாக அடையாளம் கண்டது. எலிக்கும் அது பழக்கமான பொருளாக இருந்திருந்தால் இந்தப் பரிசோதனையே கிடைத்திருக்காது. 2019இல் நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர், மனித நொதியை எலிக்குள் வைத்து, கணையத்தில் இந்தச் சர்க்கரை சுரக்கும்படி செய்து பார்த்தார்கள். அந்த எலிகளுக்குக் கடுமையான கணைய அழற்சி வந்தது. புற்றுநோய்க்கான மரபணு மாற்றமும் சேர்ந்தபோது நோய் வேகமெடுத்தது. எதிர்ப்புப்பொருளைக் கொடுத்து இந்தச் சர்க்கரையை மறைத்தபோது அழற்சி குறைந்தது. ரத்தக் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளவும் புற்றுநோய் உயிரணுவுக்கு இதே சர்க்கரை உதவுகிறது. அதுவரை சாட்சி என்று நினைத்திருந்த பொருளுக்குக் குற்றத்திலும் பங்கு இருந்தது.

37 வந்த வழி

ஆய்வகத்தில் கண்ட பொருளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஓர் எல்லை வேண்டும். எந்த அளவுக்கு மேல் சந்தேகப்படுவது? 1983இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கதிரியக்க அயோடினை ஒட்டிய எதிர்ப்புப்பொருளால் நூற்றுக்கணக்கானோரின் ரத்தத்தை அளந்தார்கள். நலமாக இருந்த ரத்தக் கொடையாளர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஒரு மில்லிலிட்டருக்கு 37 யூனிட்டுக்குள் அடங்கினார்கள். அங்கே கோடு கிழித்தார்கள். அந்தக் கோடுதான் இன்றும் பெரும்பாலான தாள்களில் அச்சாகிறது. இப்போது கதிரியக்கம் இல்லை. காந்தத் துகளும் ஒளிரும் வேதிப்பொருளும் அந்த வேலையைச் செய்கின்றன. எதிர்ப்புப்பொருள் மட்டும் பல கருவிகளில் அந்தப் பிலடெல்பியா எலியின் வாரிசுதான்.

கவனிக்க வேண்டியது, 37 என்பது நலமானவர்களை வைத்து வரைந்த கோடு. புற்றுநோய் எங்கே தொடங்குகிறது என்று அது சொல்லவில்லை. நோயின் அறிகுறி ஏற்கெனவே தெரிகிறவர்களிடம்கூட, கணையப் புற்றுநோய் உள்ள 100 பேரில் சுமார் 80 பேரையே இந்த எல்லை பிடிக்கிறது. மற்ற 20 பேரின் தாளில் எண் ஒழுங்காகவே இருக்கும்.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம் போனால் கணக்கு இன்னும் மோசம். தென்கொரியாவின் சியோலில் நலப் பரிசோதனைக்கு வந்த 70,940 பேரிடம் இதைப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 37ஐத் தாண்டியவர்கள் 1,063 பேர். அவர்களில் கணையப் புற்றுநோய் இருந்தது 4 பேருக்கு. மீதி ஆயிரத்துச் சொச்சம் பேர் ஸ்கேனும் பயமுமாக அலைந்ததுதான் மிச்சம். இதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002இல் இதற்கு அனுமதி தந்தபோது, ஏற்கெனவே நோய் உறுதியானவர்களைக் கண்காணிக்க மட்டுமே தந்தது. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் ‘கேன்சர் டெஸ்ட்’ என்று இதைச் சேர்த்து விற்பது அந்த அனுமதியின் பொருளுக்கே எதிரானது.

ரத்தம் போகும் பாதை

ஜெகதாப்பட்டினம் பாக் நீரிணைக் கரையில் மணமேல்குடி வட்டத்து ஊர். பக்கத்துக் கோட்டைப்பட்டினத்தோடு சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் விசைப்படகுகள் நிற்கும் இடம். நண்டும் இறாலும் மீனும் ஐஸில் புதைந்து இங்கிருந்து வெளியூர் போகின்றன. சிஏ 19-9க்கு எடுக்கும் ரத்தமும் அப்படித்தான், குளிர்ப்பெட்டியில் வெளியூர் போக வேண்டும். சிறு ஊர் லேப்களில் ரத்தத்தை எடுப்பார்கள். அளக்கும் கருவி நகரத்தில் இருக்கும்.

முழங்கை நரம்பில் எடுத்த ரத்தம் சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் இறங்குகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் உறைந்துவிடும். சுழற்றும் கருவியில் வைத்தால் உறைந்தது அடியில் தங்கி, மேலே சீரம் தெளியும். வழக்கமாக அது வைக்கோல் நிறத்தில் இருக்கும். காமாலைக்காரருடையது அடர் மஞ்சளாக இருக்கும். அந்தச் சீரத்தில்தான் நம் சர்க்கரைத் தொடர் மிதக்கிறது. அது கெட்டியான பிறவி. பிரித்தெடுத்துக் குளிரில் வைத்தால் நாள் கணக்கில் கெடாது. மீமிசல், ஆவுடையார்கோயில் தாண்டி அறந்தாங்கி, அங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ போனாலும் அளவு மாறாமல் போய்ச் சேரும். கருவிக்குள் ஏறியபின் அரை மணி நேரத்துக்குள் எண் வந்துவிடும்.

சாதாரண ரத்தச் சர்க்கரை, அதாவது குளுக்கோஸ், இதற்கு நேர் எதிர். குழாய்க்குள்ளும் சிவப்பணுக்கள் உயிரோடு இருந்து அதைத் தின்றுகொண்டே இருக்கும். சீரத்தைப் பிரிக்காமல் சாதாரண வெப்பத்தில் விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துபோகும். அதனால்தான் அதற்குச் சாம்பல் மூடிக் குழாய். உள்ளே சோடியம் ஃபுளோரைடு போட்டுச் சிவப்பணுவின் வாயைக் கட்டியிருப்பார்கள். நெடுவழி தாங்காத சர்க்கரை அது. ஆனால் அதற்குப் பயணமே தேவையில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு போதும், வீட்டுத் திண்ணையிலேயே அளந்துவிடலாம். இந்த வேறுபாட்டைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

எண் தடுமாறும் இடங்கள்

நகரத்திலிருந்து திரும்பிய எண்ணைப் படிக்குமுன் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, காமாலை இருக்கும்போது எடுத்த ரத்தமா? பித்தக் குழாயின் உட்பரப்பும் சிஏ 19-9 சுரக்கிறது. குழாய் திறந்திருந்தால் அது குடலுக்குள் போய்விடும். அடைத்துக்கொண்டால் பித்தத்தோடு சேர்ந்து ரத்தத்துக்குத் திரும்பும். அடைப்பு புற்றுநோயால்தான் வர வேண்டும் என்பதில்லை, பித்தப்பைக் கல் நழுவிக் குழாயில் சிக்கினாலும் எண் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். கல்லை எடுத்ததும் இறங்கிவிடும். ஆகவே, அடைப்பை நீக்கி, குழாயில் ஸ்டென்ட் வைத்து, காமாலை வடிந்தபின் மறுபடி எடுத்துப் பார்க்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு. முதல் தாளில் 900 பார்த்து மனம் உடைந்தவர்களில் சிலருக்கு இரண்டாம் தாள் வேறு சேதி சொல்லியிருக்கிறது.

காமாலையோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் ஊர்களில் கண் மஞ்சளானால் முதலில் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பார்கள், பத்தியம் இருப்பார்கள். வைரஸால் வரும் காமாலை தானாகவே சில வாரத்தில் குறைவதால் அந்த வைத்தியத்துக்குப் பெயரும் கிடைத்துவிடும். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்கு வலி இல்லாமல் காமாலை வந்து, அரிப்பெடுத்து, மலம் களிமண் நிறத்தில் வெளுத்துப் போனால் அது குழாய் அடைப்பு. பத்தியத்தில் போகும் ஒவ்வொரு வாரமும் அறுவை சிகிச்சைக்கான நாளிலிருந்து கழியும். மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், ஏப்ரல் 15க்குப் பிறகு படகு கட்டிக்கிடக்கும்போது போய்க்கொள்ளலாம் என்று தொழிலுக்குப் போகிறவருக்குத் தோன்றுவது இயல்பு. இந்தக் காமாலை அத்தனை நாள் காத்திருக்காது.

இரண்டாம் கேள்வி, இவர் உடம்பு அந்தச் சர்க்கரையைத் தயாரிக்குமா? லூயிஸ் சர்க்கரை கட்டும் நொதி மனிதர்களிலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு அது கிடையாது. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் அதைவிட அதிகம். அப்படிப்பட்டவருக்குக் கணையம் முழுக்கக் கட்டி இருந்தாலும் சிஏ 19-9 ஏறாது. அவர் தாளில் 2 என்றோ அதற்கும் குறைவாகவோ இருந்தால், அது நல்ல சேதி அல்ல, சாட்சி வாய் திறக்க முடியாத ஊமை என்ற சேதி. அப்போது ஸ்கேனையும் திசுப் பரிசோதனையையும்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? முடி உதிர்வதற்கென்று கடையில் வாங்கும் பயோட்டின் மாத்திரை, பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்தும் கருவிகளைக் குழப்பி எண்ணைக் குறைத்துக் காட்டலாம். நான்காவது, போன முறையும் இதே லேப்தானா? கருவிக்குக் கருவி அளவு மாறும். ஓரிடத்தில் 120, இன்னோரிடத்தில் 180 வந்தால் கட்டி வளர்ந்துவிட்டதாகப் பொருள் இல்லை.

இத்தனை கேள்விகளையும் தாண்டினால் சிஏ 19-9 நல்ல சாட்சிதான். அறுவைக்கு முன் மிக உயர்ந்திருந்தால், ஸ்கேனில் தெரியாத பரவல் இருக்கலாம் என்று எச்சரிக்கும். கட்டியை எடுத்தபின் சில வாரத்தில் இறங்கி 37க்குள் வந்தால் நம்பிக்கை தரும். கீமோதெரபியின்போது மாதாமாதம் இறங்கினால் மருந்து வேலை செய்கிறது, ஏறினால் மாற்ற வேண்டியிருக்கும். ஒற்றை எண்ணைவிட அது போகும் திசைக்குத்தான் அர்த்தம். எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்திருக்கும் குடும்பம், மருத்துவருக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது.

கணையத்தில் வரும் கட்டிகள் எல்லாம் ஒரே இனமும் அல்ல. ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களில் பிறக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்குச் சிஏ 19-9 பெரிதாக உதவாது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் வந்தது அந்த இனம். அதற்குக் குரோமோகிரானின் ஏ என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். அதற்கும் ஒரு பொறி உண்டு. கேஸ் மாத்திரை என்று நாம் தினமும் போடும் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையறா அதை ஏற்றிவிடும். மருத்துவரைக் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுப்பதே சரி. இன்னொரு வேடதாரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் நோய். ஸ்கேனில் அச்சு அசலாகக் கட்டி போலத் தெரியும். அதில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப்பொருள் உயர்ந்திருப்பதை 2001இல் ஜப்பானியர் கண்டார்கள். ஸ்டீராய்டு மாத்திரையிலேயே கரையும் அந்தத் தடிப்புக்காக வயிற்றைத் திறந்த காலம் ஒன்று இருந்தது.

சென்னை சொன்ன சேதி

2022இல் உலகில் சுமார் 5.1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கணையப் புற்றுநோய் வந்தது. அதே ஆண்டில் சுமார் 4.67 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய் குறைவு. காரணம் எளியது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிக்கும்போது 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத்தான் அறுவை செய்யும் நிலை. நோய் உறுதியாகும் முன்பே சேமித்து வைத்திருந்த ரத்தத்தை 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று திரும்பிப் பார்த்தது. சிஏ 19-9 ஏறத் தொடங்குவது நோய் தெரிவதற்கு 2 ஆண்டுக்கு முன். ஆனால் கடைசி 6 மாதத்தில்கூட, தப்பான எச்சரிக்கை வராதபடி எல்லையை இறுக்கினால், 100க்கு 60 பேரிடமே அது குரல் கொடுக்கிறது. நல்ல சாட்சிதான், தாமதமாக வரும் சாட்சி.

முந்தி வரும் சாட்சி யார்? இதற்கான விடையின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் மது வாசனையே அறியாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்று வலியும் பின் சர்க்கரை நோயும் வருவதை மருத்துவர்கள் பல காலமாகப் பார்த்துவந்தார்கள். மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி விழுந்தது. பின்னர் மரபணுக் காரணங்களும் தெரியவந்தன. இந்த நோயாளிகளைச் சென்னையில் நெடுங்காலம் கவனித்தவர்கள் நீரிழிவு மருத்துவர்கள் எம். விஸ்வநாதன், வி. மோகன் உள்ளிட்டோர். அவர்களோடு மருத்துவர் சுரேஷ் சாரி சேர்ந்து 1994இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பின்தொடர்ந்த 185 பேரில் 24 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 6 பேரைக் கொன்றது கணையப் புற்றுநோய். பொதுமக்களுக்கு இருக்கும் ஆபத்தைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. கணையத்தில் கல் உள்ளவருக்குத் திடீரென வலியின் தன்மை மாறினாலோ எடை சரிந்தாலோ காத்திருக்கக் கூடாது என்பது அன்றே எழுதி வைக்கப்பட்ட பாடம்.

சாரி பின்பு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டார். கல் இல்லாத சாதாரண மனிதருக்கு, 50 வயதுக்குமேல் புதிதாகச் சர்க்கரை வந்தால், அதற்குப் பின்னால் கணையம் இருக்கிறதா? மினசோட்டாவின் ராச்செஸ்டரில் அப்படிப்பட்ட 2,122 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 3 ஆண்டுக்குள் 18 பேருக்குக் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. 100க்கு ஒருவர்கூட இல்லைதான்; ஆனால் வழக்கமாக எதிர்பார்ப்பதைப் போல 8 மடங்கு. பின்னால் வந்த ஆய்வுகள், நோய் தெரிவதற்கு இரண்டரை முதல் 3 ஆண்டுக்கு முன்பே ரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது என்று காட்டின. கட்டியை அறுத்து எடுத்தபின் இப்படிப் புதிதாக வந்த சர்க்கரை பலருக்கு மறைந்தும் போனது. கணையத்தில் ஒரு பகுதியை எடுத்தால் சர்க்கரை கூட வேண்டும், இங்கே குறைந்தது. கட்டிதான் சர்க்கரையை ஏற்றிவிட்டிருக்கிறது.

ஆக, நகரத்துக்குப் போய்த் திரும்பும் அந்தச் சர்க்கரைத் தொடருக்கு முன்பே, திண்ணையில் அளக்கும் இந்தச் சர்க்கரை ஒரு செய்தி சொல்லிவிடுகிறது. ஆனால் சர்க்கரை ஏறுவது பலருக்கும் நடக்கிறது என்பதுதான் சிக்கல். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டு. கணையப் புற்றுநோயோ அமெரிக்காவைவிட இங்கே மிகக் குறைவு. சர்க்கரை வந்த ஒவ்வொருவரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் கொரியாவின் 1,063 பேர் கதைதான் மறுபடி நடக்கும். கூட்டத்தில் அந்தச் சிலரைப் பிரித்தெடுக்க இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி எடை. வழக்கமான நீரிழிவு, எடை கூடிக்கொண்டே வருபவரிடம்தான் பெரும்பாலும் எட்டிப்பார்க்கும். கணையக் கட்டியால் வரும் சர்க்கரையோ, எடை இறங்க இறங்க ஏறும். வயது, ஓராண்டில் சர்க்கரை ஏறிய அளவு, ஓராண்டில் எடை மாறிய அளவு, இந்த மூன்றை மட்டும் கூட்டி 2018இல் சாரியின் குழு ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. அதில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களில் 100க்கு 3, 4 பேருக்கு 3 ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. அந்த அளவு ஆபத்துள்ளவரைச் சிடி ஸ்கேனுக்கு அனுப்புவதில் நியாயம் இருக்கிறது.

திண்ணையில் கேட்க வேண்டியது

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வருகிறார்கள். சர்க்கரை எண் நோட்டில் ஏறுகிறது, மாத்திரை வீடு தேடி வருகிறது. சர்க்கரை இறங்கினால் நோய் அடங்கியதாக எல்லோரும் நிம்மதி அடைகிறோம். எடை இறங்கினாலோ, சர்க்கரைக்காரர் இளைப்பது சகஜம் என்று விட்டுவிடுகிறோம். கடலுக்குப் போகிறவர் இளைத்தால் உழைப்பு, அலைச்சல், தூக்கமின்மை என்று காரணம் தயாராக இருக்கும். கரையிறங்கும் நண்டும் இறாலும் எடை போடாமல் ஒரு கை மாறாத ஊரில், அவற்றைப் பிடித்து வந்தவரின் போன வருட எடை என்னவென்று பெரும்பாலும் எந்தத் தாளிலும் இருக்காது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை இயந்திரம் இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாகச் சர்க்கரை தெரியும் அன்றே எடையையும் குறித்து, அடுத்தடுத்த வருகையிலும் குறித்துவந்தால் போதும். இயந்திரம் கிடைக்காத இடத்தில், “அண்ணே, சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சா? பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டீங்களா?” என்று கேட்டாலே விடை வந்துவிடும். பரம்பரையில் சர்க்கரை இல்லை, உணவைக் குறைக்கவில்லை, சிகிச்சை தொடங்கும் முன்பே நாலைந்து கிலோ போய்விட்டது, கூடவே மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி, பசியின்மை என்றால், அவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிக் கணையத்தைப் பார்க்கும் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வதே முதல் வேலை. சிஏ 19-9 அதற்குப் பிறகு வரட்டும், நோயைப் பின்தொடரும் தன் வேலையை அங்கே அது சரியாகச் செய்யும்.

எலியும் காந்தத் துகளும் குளிர்ப்பெட்டியும் சேர்ந்து கொண்டுவரும் எண்ணுக்குக் காசும் நாளும் ஆகும். வயதையும் சர்க்கரையையும் எடையையும் ஒரே வரியில் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கச் சுகாதாரத் தன்னார்வலருக்கு ஓர் அரைநாள் சொல்லிக்கொடுப்பது, ஜெகதாப்பட்டினத்தில் ஒருவரையாவது காமாலை வருவதற்கு முன் அறுவை மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.